விடுமுறையில் பிள்ளையின் மாத்திரையை நிறுத்தலாமா?

ஏப்ரல் மாதம் பரீட்சை முடிந்ததும் சில வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கும். "ஸ்கூல்தான் இல்லையே, இனி எதுக்கு அந்த மாத்திரை? பிள்ளை ரெண்டு மாசம் நிம்மதியா இருக்கட்டுமே" என்று உம்மம்மா சொல்வார். சாச்சி ஆமோதிப்பார். வளைகுடாவில் இருக்கும் வாப்பா போனில், "நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிடுவார். கடைசியில் முடிவு எடுப்பது உம்மா ஒருவர்தான். டாக்டரிடம் அடுத்த தேதி ஜூனில்தான் இருக்கும்.

துறுதுறுப்பு, கவனமின்மை (ஏ.டி.எச்.டி.), ஆட்டிசத்துடன் வரும் கடும் எரிச்சல், ஆவேசம் போன்றவற்றுக்காக மாத்திரை சாப்பிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாததால் கேட்கவும் ஆளில்லை. எனவே விடுமுறை வந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனக்குத் தோன்றியதைச் செய்கிறது.

நான் மருத்துவன் அல்ல. ஆனால் இந்த விஷயத்தில் ஒரு தவறில் பங்கெடுத்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதக் கல்யாணத்துக்கு என் அக்கா குடும்பத்தோடு ஊருக்கு வந்திருந்தார். அவர் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. அவனுக்கு இரவில் ஒரு சிறிய மாத்திரை கொடுப்பார்கள். உறவினர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பெரியவாப்பா சாப்பிட்ட பிரஷர் மாத்திரை ஆச்சே! பச்சைப் பிள்ளைக்கு இதையா குடுக்குறீங்க?" என்று கேட்டார். வீடே கூடிவிட்டது. "ஒரு வாரம் நிறுத்தினா என்ன ஆகிடப்போவுது" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அக்கா அழுதுகொண்டே நிறுத்தினார். இரண்டாம் நாள் பிள்ளைக்குத் தலைவலி, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு. வெயில் என்று நினைத்து மோரும் இளநீரும் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாலையில் பக்கத்து டாக்டரிடம் காட்டியபோது இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த மாத்திரையை நிறுத்துனீங்க?"

அல்லாஹ்வின் அருளால் பிள்ளை நலமானான். அந்த டாக்டர் கேட்ட கேள்வியைத்தான் எல்லாக் குடும்பங்களும் முதலில் கேட்க வேண்டும். "மாத்திரையை நிறுத்தலாமா?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மாத்திரை என்று தெரிந்தால்தான் பதில் உண்டு.

எந்த மாத்திரை?

ஏ.டி.எச்.டி.க்கு நம் நாட்டில் அதிகம் எழுதப்படுவது மெத்தில்பெனிடேட். இன்ஸ்பைரல், ஆட்வைஸ் போன்ற பெயர்களில் வருகிறது. இது அன்றன்றைக்கு வேலை செய்து அன்றே உடலை விட்டுப் போகும் மருந்து. சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை 8 முதல் 12 மணி நேரம் வரை வேலை செய்யும். மறுநாள் காலை கொடுக்காவிட்டால் அன்று அதன் பலன் இல்லை, அவ்வளவே. விடுமுறையில் இடைவெளி விடுவது என்று டாக்டர்கள் பேசுவது பெரும்பாலும் இந்த மருந்தைப் பற்றித்தான்.

அடமாக்செட்டின் என்ற காப்ஸ்யூல் வேறு மாதிரி. அது முழுப் பலனைக் காட்டவே பல வாரங்கள் ஆகும். சனி ஞாயிறு நிறுத்தித் திங்களன்று தொடங்குவது, மே மாதம் நிறுத்தி ஜூன் 1ஆம் தேதி தொடங்குவது எல்லாம் இதற்குப் பொருந்தாது. பள்ளி திறந்து சில வாரங்கள் பிள்ளை மருந்தே இல்லாதது போல் இருப்பான். ஆசிரியர், "இந்த வருஷம் ரொம்ப மோசமா இருக்கானே" என்பார்.

குளோனிடின்தான் என் அக்கா மகன் சாப்பிட்டது. ஆர்க்கமின் என்ற பெயரில் வரும் இது உண்மையிலேயே இரத்த அழுத்த மருந்துதான். துறுதுறுப்புக்கும், தூக்கத்துக்கும், தசை வெட்டி இழுக்கும் பழக்கத்துக்கும் குறைந்த அளவில் பிள்ளைகளுக்கும் தருவார்கள். உறவினர் சொன்னதில் பாதி சரி. ஆனால் இதைத் திடீரென நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த அழுத்தம் ஒரேயடியாக ஏறும். குறைக்க வேண்டுமென்றால் டாக்டர் சொல்லும் கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். வெளிநாட்டில் உள்ள நம் பிள்ளைகளுக்கு இதே இனத்தைச் சேர்ந்த குவான்ஃபசின் தரப்படுவதுண்டு. அதற்கும் இதே விதிதான். சில நாட்கள் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கவும் கூடாது. டாக்டரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

ரிஸ்பெரிடோன் பெரும்பாலும் ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் ஆவேசத்துக்கும், தன்னைத் தானே அடித்துக்கொள்வதற்கும் தரப்படுகிறது. இதைத் திடீரென விட்டால் தூக்கம் கெடும், பழைய ஆவேசம் திரும்பும். சில பிள்ளைகளுக்கு வாய், கை கால்களில் கட்டுப்பாடில்லாத அசைவுகளும் வரலாம். வலிப்புக்காகத் தரப்படும் மாத்திரையோ இன்னும் ஆபத்து. நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஒரே பிள்ளைக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருப்பதும் உண்டு. அப்போது "அந்த மாத்திரை" என்று மொத்தமாகப் பேசுவதே தவறு.

பிறகு ஏன் சில டாக்டர்களே இடைவெளி விடச் சொல்கிறார்கள்?

காரணம் வளர்ச்சி. மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும். மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரும் டிபன் பாக்ஸைப் பார்த்த உம்மாக்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுள்ள 579 பிள்ளைகளை வைத்து நடந்த எம்.டி.ஏ. ஆய்வு இத்துறையில் பெயர் பெற்றது. அதன் முதல் முடிவுகள் 1999ஆம் ஆண்டு வந்தன. அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தபோது, 3 ஆண்டுகள் விடாமல் மருந்து எடுத்தவர்கள் மருந்தே எடுக்காதவர்களைவிடச் சராசரியாக 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக இருந்தார்கள். பயந்துபோகும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஒல்லியாக இருக்கும் பிள்ளைக்கு 2.7 கிலோ என்பது சின்ன விஷயமும் இல்லை.

பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பான நைஸ் 2018இல் வெளியிட்ட நெறிமுறையில் இதற்கு ஒரு வரையறை இருக்கிறது. உயரத்தை 6 மாதத்துக்கு ஒருமுறையும், 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு எடையை 3 மாதத்துக்கு ஒருமுறையும் அளக்க வேண்டும். உயரம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டிருந்தால் பள்ளி விடுமுறையில் திட்டமிட்ட இடைவெளி விடுவதைப் பரிசீலிக்கலாம் என்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று சொல்லவில்லை. பாதிக்கப்பட்டிருந்தால் என்றுதான் சொல்கிறது. பாதித்திருக்கிறதா என்று தெரிய அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேரிடம் பிள்ளையின் உயரம், எடை எழுதிய ஒரு நோட்டு இருக்கிறது? கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாலே போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. மருந்து இன்னும் தேவையா என்று பார்ப்பது. பிள்ளை வளர வளர சிலருக்கு அளவைக் குறைக்க முடியும், சிலருக்கு நிறுத்தவே முடியும். வருடத்துக்கு ஒருமுறையாவது இதை டாக்டரிடம் கேட்பது நியாயம். ஆனால் விடுமுறையில் மட்டும் நிறுத்திப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருந்தான், மாத்திரையே வேண்டாம்" என்று முடிவு கட்டுவதில் ஒரு ஓட்டை இருக்கிறது. நாள் முழுக்கத் தெருவில் ஓடியாடும் பிள்ளையின் கவனத்தை யார் சோதித்தார்கள்? 40 நிமிடம் உட்கார்ந்து ஒரு பாடத்தை எழுதினால்தானே தெரியும்.

எல்லோருக்கும் இடைவெளி சரிவராது

மாத்திரை பள்ளிக்காக மட்டும் என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. விடுமுறை பிள்ளைக்குத்தான் எளிது என்று நினைக்கிறோம். யோசித்துப் பாருங்கள். பள்ளி நாளில் அவனுக்கு மணி அடிக்கும், இடம் குறிக்கப்பட்டிருக்கும், அடுத்து என்ன என்று தெரியும். விடுமுறையில் எந்த ஒழுங்கும் இல்லை. நன்னா வீட்டில் பன்னிரண்டு பிள்ளைகள், மொட்டை மாடி, கிணறு, சாவியோடு நிற்கும் பைக், கொஞ்ச தூரத்தில் கடல் அல்லது குளம். யோசிக்காமல் பாயும் பிள்ளைக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்துதான். சாலையில் திரும்பிப் பார்க்காமல் ஓடும் பழக்கமுள்ள பிள்ளை, தண்ணீரைக் கண்டால் நிற்காத பிள்ளை, சின்னத் தம்பி தங்கையைக் காயப்படுத்தும் பிள்ளை ஆகியோருக்கு இடைவெளி விடும் முன் பலமுறை யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, சொந்தங்களுக்கு நடுவில் அவனுக்குக் கிடைக்கும் பெயர். ஒரு கல்யாண வீட்டில் நாலு பேரிடம் அடி வாங்கி, "இவன் இருந்தா நாங்க வரல" என்று மச்சான்மார் ஒதுக்கி, அழுதுகொண்டே திரும்பும் பிள்ளைக்கு அந்த விடுமுறை ஓய்வா? அவன் பசி கூடியிருக்கலாம். மனது உடைந்திருக்கும். எடையைப் போல அதை அளக்க முடியாது என்பதால் நாம் கணக்கில் எடுப்பதில்லை.

டாக்டர் சம்மதித்தால்

மெத்தில்பெனிடேட்டுக்கு இடைவெளி விடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், நாளைத் தேர்ந்தெடுப்பது உங்கள் கையில். பயண நாளில் தொடங்காதீர்கள். கல்யாண வாரத்தில் தொடங்காதீர்கள். வீட்டில் அமைதியான, பெரியவர்கள் குறைந்தது இரண்டு பேர் இருக்கும் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். முழு இரண்டு மாதம்தான் என்று இல்லை. இரண்டு மூன்று வாரம் போதும் என்று சில டாக்டர்கள் சொல்வார்கள். அளவைக் குறைத்துத் தொடரச் சொல்வதும் உண்டு.

நிறுத்தும் முதல் நாள் எடை பாருங்கள். தினமும் இரவில் இரண்டு வரி எழுதுங்கள்: என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், சண்டை எத்தனை. காலையில் அரை மணி நேரம் குர்ஆன் ஓதவோ ஒரு கதைப் புத்தகம் படிக்கவோ உட்கார வையுங்கள். எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்பதையும் எழுதுங்கள். ஜூனில் டாக்டரிடம் "பரவாயில்லைதான் டாக்டர்" என்று சொல்வதைவிட இந்தத் தாள் நூறு மடங்கு உதவும்.

மாத்திரை தொடரும் வீடுகளில் விடுமுறையின் பெரிய எதிரி நேரம்தான். பள்ளி நாளில் காலை ஏழரைக்குக் கொடுத்த நீண்டநேர மாத்திரையை, இப்போது பதினொரு மணிக்கு எழுந்த பிள்ளைக்குக் கொடுத்தால், அது இரவு ஒன்பது, பத்து, பதினொன்று வரை வேலை செய்யும். பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருப்பான், மறுநாள் இன்னும் தாமதமாக எழுவான். இரண்டே வாரத்தில் இரவும் பகலும் தலைகீழாகிவிடும். எட்டு மணிக்கு எழுப்பி, வயிறு நிறையச் சாப்பிடக் கொடுத்து, பிறகு மாத்திரை கொடுப்பதுதான் வழி. இட்லி, முட்டை, பால் எதுவாக இருந்தாலும் மாத்திரைக்கு முன் போய்விட வேண்டும். மதியம் கட்டாயப்படுத்த வேண்டாம். மருந்து இறங்கும் மாலையில் பசி திரும்பும். அப்போது சுண்டல், வாழைப்பழம், பிறகு நல்ல இரவுச் சாப்பாடு. தாமதமாக எழுந்துவிட்ட நாளில் என்ன செய்வது என்பதை விடுமுறைக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளை விட்டுவிடச் சொல்வார்களா, குறைந்த நேர மாத்திரையைத் தருவார்களா என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும்.

அந்த மாலை நேரத்தில் சில பிள்ளைகள் காரணமில்லாமல் சிணுங்கும், எரிந்து விழும். மருந்து இறங்கும்போது வருவது அது. அந்த ஒரு மணி நேரத்தில் விருந்தாளி வீட்டுக்கு அழைத்துப் போகாமல் இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

ரிஸ்பெரிடோன் சாப்பிடும் பிள்ளைகளின் கதை நேர்மாறு. அது பசியைக் கூட்டும். ஊர் விருந்து, பிரியாணி, குளிர்பானம் எல்லாம் சேர்ந்து இரண்டு மாதத்தில் பல கிலோ ஏறிவிடலாம். "பிள்ளை இப்பத்தான் நல்லா சாப்பிடுறான்" என்று சந்தோஷப்பட்டு ஊட்டும் வீட்டுப் பெரியவர்களிடம் இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

பயணம்

மெத்தில்பெனிடேட் எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. நம் நாட்டின் மருந்து விதிகளில் இது எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் இரண்டு பிரதிகளில் சீட்டு எழுத வேண்டும். கடைக்காரர் ஒன்றை 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கான தனி உரிமம் உள்ள கடைகள் குறைவு. சென்னையிலோ திருச்சியிலோ இருந்து சொந்த ஊருக்குப் போகிறவர்கள் போய்ச் சேர்ந்த பிறகு தேடினால் அலைச்சல்தான். கிளம்பும் முன் மாத்திரைகளை எண்ணிப் பாருங்கள்.

விடுமுறைக்கு வாப்பாவிடம் வளைகுடாவுக்குப் போகும் குடும்பங்களும், உம்ராவுக்குப் போகிறவர்களும் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். மெத்தில்பெனிடேட் ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. கொண்டுபோக முன்கூட்டியே அரசின் இணையத்தளத்தில் அனுமதி பெற வேண்டும். சவூதியில் இதை உணவு மருந்து ஆணையம் கவனிக்கிறது. டாக்டரின் ஆங்கிலக் கடிதம், மருந்துச் சீட்டு, பிள்ளையின் பாஸ்போர்ட் நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். மாத்திரை அதன் சொந்த அட்டையிலும் பெட்டியிலும்தான் இருக்க வேண்டும். டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள். விதிகள் மாறக்கூடியவை. ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே அந்த நாட்டின் அரசுத் தளத்தைப் பாருங்கள்.

நம் ஊர்களில் ஒரு பழக்கம் உண்டு. ஊறுகாய், கருவாடு, மருந்து எல்லாவற்றையும் ஊருக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவோம். இந்த மாத்திரையை அப்படிக் கொடுத்துவிடவே கூடாது. கூரியரிலும் அனுப்பக் கூடாது. விமான நிலையத்தில் பிடிபடுபவர் உங்களுக்கு உதவ வந்த அப்பாவி. வேறொருவர் பெயரில் உள்ள கட்டுப்படுத்தப்பட்ட மருந்துக்கு அவரால் அங்கே எந்தப் பதிலும் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் எழும் இரண்டு கேள்விகள்

காப்ஸ்யூலின் உறை ஜெலட்டின். அது எதிலிருந்து செய்யப்பட்டது என்ற கவலையில் சிலர் அடமாக்செட்டின் காப்ஸ்யூலைப் பிரித்து, உள்ளிருக்கும் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். அதைப் பிரிக்கக் கூடாது. பொடி கண்ணில் பட்டால் எரிச்சல் உண்டாக்கும். அதேபோல் மெதுவாகக் கரையும் மெத்தில்பெனிடேட் மாத்திரையைப் பொடி செய்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். கவலை இருந்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், மாத்திரை வடிவிலோ வேறு மருந்தாகவோ மாற்ற வழி இருக்கலாம். மார்க்கத் தீர்ப்பை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள். பதில் வரும்வரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்தது நோன்பு. ரமளானில் மதரஸாக்களுக்கு விடுமுறை, சில பள்ளிகளுக்கும் விடுமுறை. பருவமடையாத பிள்ளைகளுக்கு நோன்பு கடமை இல்லை என்றாலும், கூட இருக்கும் பிள்ளைகளைப் பார்த்து ஆசையாகப் பிடிப்பார்கள். மெத்தில்பெனிடேட்டைச் சஹர் நேரத்தில் கொடுத்தால் பிற்பகலிலேயே இறங்கிவிடும். நோன்பு திறந்த பிறகு கொடுத்தால் தூக்கம் போய்விடும். பகலில் பசியே தெரியாமல், தண்ணீரும் இல்லாமல் பிள்ளை சோர்ந்துவிடலாம். குளோனிடின் நேரம் தவறவே கூடாது. பருவமடைந்த பிள்ளைகளுக்கு டாக்டரையும் ஆலிமையும் ரமளானுக்கு முன்பே, ஷஅபானிலேயே கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளையிடம் என்ன சொல்வது?

"இதைச் சாப்பிட்டாத்தான் நீ நல்ல பிள்ளை" என்று சொல்லாதீர்கள். நிறுத்திய நாளில் அவன் தன்னைக் கெட்ட பிள்ளை என்று நினைப்பான். "உன் கண்ணாடி மாதிரி இது. கவனிக்க உதவும்" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் புரியும். சேட்டை செய்யும்போது எல்லோர் முன்பும் "இன்னிக்கு மாத்திரை போடலயா?" என்று கேட்கும் உறவினர்களைத் தனியே அழைத்துச் சொல்லிவிடுங்கள். மாத்திரை பெரியவர் கையில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். பன்னிரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் வைத்த அட்டை எவர் வாய்க்கும் போகலாம்.

டாக்டரை உடனே பார்க்க முடியாத ஊரில் இருந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416இல் தமிழில் பேசலாம். மாவட்டங்களில் உள்ள அரசு ஆரம்ப இடையீட்டு மையங்களிலும் பிள்ளைகளுக்கான ஆலோசனை கிடைக்கும். ஏதேனும் மாத்திரையை நிறுத்திய பிறகு கடும் தலைவலி, மயக்கம், படபடப்பு, வலிப்பு வந்தால் காத்திருக்க வேண்டாம். 108ஐ அழைத்து, என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினோம் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இடைவெளி விட்டவர்கள் பள்ளி திறக்கும் நாளன்று மாத்திரையைத் தொடங்க வேண்டாம். பசியின்மையும் தூக்கக் குறைவும் முதல் சில நாட்களில் மீண்டும் தலைகாட்டும். ஒரு வாரம் முன்பே, டாக்டர் சொன்ன அளவில், பள்ளி நேரத்துக்கே எழுப்பித் தொடங்குங்கள். என் அக்கா இப்போது மார்ச் மாதமே டாக்டரிடம் இரண்டு தேதிகள் வாங்கிவிடுகிறார். ஒன்று பரீட்சை முடிந்த வாரத்தில், இன்னொன்று மே கடைசியில். ஊருக்கு வரும்போது அவர் பையில் டாக்டர் சீட்டின் நகல் ஒன்று இருக்கும். அதை வந்ததும் முதலில் என்னிடம்தான் காட்டுவார்.